28 சொற்கள்: கான்ராட் பிளாக் வழக்கை முன்வைத்து

அமெரிக்கக் கூட்டரசின் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 1346 என்று எண்ணிட்ட ஒரு பிரிவு இருக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 28 சொற்கள். மோசடித் திட்டம் என்று சட்டம் சொல்லும்போது, இன்னொருவருக்குச் சேரவேண்டிய 'நேர்மையான சேவை' என்கிற தொட்டறிய முடியாத உரிமையைப் பறிக்கும் திட்டமும் அதில் அடங்கும் என்பதே அதன் சாரம். யாருடைய சேவை, யாருக்கு, நேர்மையை எந்தப் படியால் அளப்பது, ஒன்றுக்கும் விளக்கம் கிடையாது. தமிழில் 'சேவை' என்று எழுதினால் காதிக் கடை வாசனை அடிக்கிறது. 'ஊழியம்' என்றால் சர்ச்சுக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் அப்படியொன்றும் தெளிவாக இல்லை என்பதுதான் வழக்கே. இந்த 28 சொற்களோடு மல்லுக்கட்டி உச்சநீதிமன்றம் வரை போன ஆள், தன் உச்சத்தில் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளைக் கையில் வைத்திருந்த கான்ராட் பிளாக்.

1944இல் மாண்ட்ரியலில் பணக்கார வீட்டில் பிறந்தவர். பள்ளியில் பரீட்சைத் தாள்களைத் திருடி விற்றதற்காக வெளியேற்றப்பட்டவர் என்பதை அவரது எதிரிகள் சொல்லாமல் விடுவதில்லை. 1969இல் கியூபெக்கின் ஷெர்புரூக் ரெக்கார்டு என்ற சிறிய நாளிதழை டேவிட் ராட்லர், பீட்டர் ஒயிட் என்ற இரு கூட்டாளிகளோடு வாங்கினார். ஆட்களைக் குறை, செலவைச் சுருக்கு, விளம்பரத்தைக் கற, மிச்சத்தில் அடுத்த பத்திரிகையை வாங்கு: சூத்திரம் இவ்வளவுதான். 80களின் நடுவில் லண்டன் டெய்லி டெலிகிராஃப், 1989இல் ஜெரூசலம் போஸ்ட், 1994இல் சிகாகோ சன்-டைம்ஸ், 1998இல் தானே தொடங்கிய நேஷனல் போஸ்ட். கனடா செனட் குழு ஒன்றுக்கு இளவயதிலேயே அளித்த அறிக்கையில் பத்திரிகையாளர்களைச் சோம்பேறிகள், அறிவு நாணயமற்றவர்கள், சரியாக மேய்க்கப்படாதவர்கள் என்கிற பொருளில் ஏசியவர் இவர். பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் பெறுவதற்குக் கனடாப் பிரதமர் ழான் கிரெத்தியேன் முட்டுக்கட்டை போட்டபோது, 2001இல் கனடாக் குடியுரிமையையே துறந்து 'கிராஸ்ஹார்பர் பிரபு' ஆனார்.

ஆனால் ஆளைவிட அமைப்பைப் பார்ப்பது முக்கியம். மேலே ராவல்ஸ்டன் என்ற தனியார் நிறுவனம். அதன் கீழே டொராண்டோவில் ஹாலிங்கர் இன்க்.; அதற்கும் கீழே, பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய ஹாலிங்கர் இன்டர்நேஷனல். பத்திரிகைகளெல்லாம் இந்தக் கடைசி அடுக்கில். இருவகைப் பங்குகள் என்ற ஏற்பாட்டினால், மேலடுக்குக்கு ஏறக்குறைய 30 சதவீத மூலதனம்தான் சொந்தம். வாக்குகளோ 70 சதவீதத்துக்கு மேல். மற்றவர்களின் பணத்தைத் தன் பணமாகப் பாவிக்கும் மனோபாவம் இங்கே ஒரு தனிமனிதனின் ஒழுக்கக்கேடு அல்ல, சட்டபூர்வமான கட்டமைப்பு. நிர்வாகக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ரிச்சர்ட் பெர்ல். தணிக்கைக் குழுவின் தலைவர் இல்லினாய் மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஜேம்ஸ் தாம்ப்சன். இவ்வளவு பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்தால் யார் கேள்வி கேட்பது? கேட்டது ட்வீடி பிரவுன் என்ற முதலீட்டு நிறுவனம். 2003இல் அது கேட்டு, விசாரணைக் குழு அமைந்து, அந்த ஆண்டு நவம்பரில் பிளாக் தலைமை நிர்வாகி பதவியிலிருந்து இறங்கினார். ரிச்சர்ட் பிரீடன் தயாரித்த 2004 அறிக்கை இதை ஒரு கொள்ளையர் ராஜ்யமாகவே விவரித்தது.

கேள்வி எழுந்தது 'போட்டியிடாமைப் பணம்' பற்றி. ஒரு பத்திரிகையை விற்கும்போது, விற்றவர் பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு பத்திரிகை ஆரம்பித்துவிட்டால் வாங்கியவர் கதி? அதனால் 'நான் போட்டிக்கு வரமாட்டேன்' என்று எழுதிவாங்கி அதற்கொரு தொகை கொடுப்பார்கள். வியாபார உலகில் சகஜம். ஆனால் விற்பது நிறுவனம்; தொகை போய்ச்சேர வேண்டியதும் நிறுவனத்துக்கு. இங்கே அதில் ஒரு பகுதி பிளாக்குக்கும் ராட்லருக்கும் இன்னும் சில அதிகாரிகளுக்கும் நேராகப் போயிற்று. இதன் உச்சம், 2001இல் ஹாலிங்கரின் துணை நிறுவனமான அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி இவர்களுக்குக் கொடுத்த 55 லட்சம் டாலர். இந்தத் துணை நிறுவனம் அதற்குள் தன் பத்திரிகைகளை எல்லாம் விற்றுத் தீர்த்திருந்தது. மிச்சம் கலிபோர்னியாவின் மலையோரச் சிற்றூரான மாமத் லேக்ஸில் ஒரே ஒரு வாரப் பத்திரிகை. அதாவது, டெலிகிராஃபின் அதிபதி மாமத் லேக்ஸுக்குக் குடிபோய் அந்த வாரப் பத்திரிகைக்கு எதிராகக் கடை விரிக்காமல் இருப்பதற்காக, அவருடைய சொந்த நிறுவனமே அவருக்குப் பணம் கொடுக்கிறது! காசோலைகளில் தேதி வேறு முன்தேதியிடப்பட்டிருந்தது.

பிளாக் தரப்பின் பதிலைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பணம் நிர்வாகக் கட்டணமாக எங்களுக்கு எப்படியும் வரவேண்டியது. கனடாவில் போட்டியிடாமைப் பணத்துக்கு அப்போது வரி கிடையாது என்பதால் பெயரை மாற்றினோம். நஷ்டம் கனடா அரசின் வரித்துறைக்குத்தானே தவிர நிறுவனத்துக்கு அல்ல, என்றார்கள். இன்னொரு நாட்டு அரசை ஏய்க்கத்தான் பார்த்தோம், ஆகவே நாங்கள் நிரபராதிகள் என்கிற வாதம்! ஆனால் சட்டத்தின் தர்க்கத்தில் இதற்கு இடம் உண்டு. பங்குதாரரிடமிருந்து பணம் எடுக்கப்படவில்லையென்றால் பணமோசடி இல்லை. அப்போதுதான் அரசுத் தரப்புக்கு 1346 கைகொடுக்கிறது: பணம் போகாவிட்டால் என்ன, 'நேர்மையான சேவை' போயிற்றே.

2007 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கிய விசாரணை நான்கு மாதம் நடந்தது. நிறுவனச் செலவில் மனைவியின் பிறந்தநாள் விருந்து, நிறுவன விமானத்தில் போரா போரா தீவுக்கு உல்லாசப் பயணம் என்று பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. இன்றுவரை மக்கள் நினைவில் நிற்பதும் அந்த விருந்துதான். ஜூரிகளோ அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். ஜூலை 13 தீர்ப்பில் ஒன்பது குற்றச்சாட்டுகளில் விடுதலை. மூன்று அஞ்சல் மோசடி, ஒரு நீதித்தடை ஆகியவற்றில் மட்டும் குற்றவாளி. நீதித்தடை என்பது, 2005 மே மாதம் டொராண்டோ அலுவலகத்திலிருந்து 13 பெட்டிகளைப் பின்வாசல் வழியே எடுத்துச் சென்றது. கட்டடத்தின் கண்காணிப்புக் காமிரா அத்தனையையும் பதிவு செய்திருந்தது. தண்டனை ஆறரை வருடம். 2008 மார்ச்சில் புளோரிடாவின் கோல்மன் சிறைக்குள் போனார்.

கூட்டாளி ராட்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியிருந்தார். 29 மாதத் தண்டனை. ஒரு வருடத்துக்குள் கனடாவில் வெளியே வந்தும்விட்டார். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளில் 97 சதவீதம் இப்படி ஒப்புதல் பேரத்தின் வழியாகத்தான் வருகின்றன என்று 2012இல் உச்சநீதிமன்றமே சொன்னது. பேரத்துக்கு உடன்படாமல் விசாரணைக்குப் போகும் துணிச்சலுக்கும் செலவுக்கும் வழியுள்ளவர் எத்தனை பேர்? சிறையிலிருந்து பிளாக் எழுதியவற்றில் இந்தப் பேர முறையைக் கடுமையாகச் சாடினார். சாடலில் பெரும்பகுதி சரிதான். கறுப்பின இளைஞர்கள் மீது அதே இயந்திரம் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தபோது அவரது பத்திரிகைகள் 'கடுமையான சட்டம் ஒழுங்கு' பக்கம் நின்றன என்பதும் சரிதான்.

இனி அந்த 28 சொற்களின் வரலாறு. அஞ்சல் மோசடிச் சட்டம் 1872இலிருந்தே உண்டு. காலப்போக்கில் கீழ்நீதிமன்றங்கள், லஞ்சம் வாங்கும் அதிகாரி மக்களுக்குரிய நேர்மையான ஊழியத்தைத் திருடுகிறான் என்று அதை விரித்துக்கொண்டே போயின. 1987இல் மெக்நாலி வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த விரிவை வெட்டியது: சொத்து பறிபோனால்தான் மோசடி. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் 1346ஐ இயற்றி வெட்டியதை ஒட்டவைத்தது. அதன்பின் மேலதிகாரியிடம் முழு உண்மை சொல்லாத எவரையும் இதற்குள் அடக்கலாம் என்கிற அளவுக்குப் போனது நிலைமை. ஒரு குறிப்பான் எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு அதிகாரம் அதை நிரப்புகிறவர் கையில். இங்கே நிரப்புகிறவர் அரசு வழக்கறிஞர்.

2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் தண்டனையை உறுதிசெய்தார். 2010 ஜூன் 24 அன்று, என்ரான் நிறுவனத்தின் ஜெஃப்ரி ஸ்கில்லிங் வழக்கோடு சேர்த்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் எழுதியவர் நீதிபதி ரூத் கின்ஸ்பர்க். 1346 செல்லும், ஆனால் லஞ்சம், மறைமுகக் கமிஷன் என்ற இரண்டுக்கு மட்டுமே செல்லும். தன் நலனை மறைத்தது மட்டும் போதாது. சட்டமே தெளிவற்றது, முழுக்கத் தள்ளவேண்டும் என்றவர்கள் மூவர்: ஸ்காலியா, தாமஸ், கென்னடி. நீதிமன்றத்தின் வலதுசாரிகள்! பிளாக் லஞ்சம் வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. ஆக, ஜூரிகளுக்குக் கொடுத்த விளக்கம் பிழை. ஜூரிகள் பணமோசடிக்காகத் தண்டித்தார்களா, 'நேர்மையான சேவை'க்காகத் தண்டித்தார்களா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. தீர்ப்பில் பிரித்துச் சொல்லவைக்கலாம் என்று அரசுத் தரப்பு கேட்டபோது எதிர்த்தவர்கள் பிளாக்கின் வழக்கறிஞர்கள். அந்த எதிர்ப்பால் அவர் உரிமை இழக்கவில்லை என்றது உச்சநீதிமன்றம்.

வழக்கு மறுபடி அதே போஸ்னரிடம் திரும்பியது. மாமத் லேக்ஸ் உட்பட இரண்டு மோசடிக் குற்றச்சாட்டுகள் ரத்தாயின. மிஞ்சியது 6 லட்சம் டாலர் கொண்ட ஒரு சின்ன விவகாரம்: ஃபோரம், பாக்ஸ்டன் என்ற இரு நிறுவனங்களுக்குப் பத்திரிகைகளை விற்றபோது, வாங்கியவர்கள் கேட்காமலேயே அதிகாரிகளுக்குப் போன தொகை. இது நேரடிப் பணமோசடி. 28 சொற்கள் இல்லாமலேயே நிற்கும் என்றார் போஸ்னர். பெட்டிகளும் நின்றன. 2011இல் தண்டனை 42 மாதமாகக் குறைந்தது. 2012 மே மாதம் விடுதலையானார். 2019 மே மாதம் டிரம்ப் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். முந்திய ஆண்டுதான் டிரம்பைப் புகழ்ந்து பிளாக் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். ஆதரவுக் குரல் கொடுத்தவர்களாக வெள்ளை மாளிகை சொன்ன பெயர்களில் பழைய நிர்வாகக் குழு உறுப்பினர் கிஸ்ஸிஞ்சரும் இருந்தார், பாடகர் எல்டன் ஜானும் இருந்தார்.

இடதுசாரி வாசகருக்கு இந்தக் கதையில் இரண்டு சபலங்கள் உண்டு. ஒன்று, பெருமுதலாளி கம்பி எண்ணினான் என்று கைதட்டுவது. மற்றது, தெளிவற்ற சட்டம் அரசின் ஆயுதம், அதை முறித்தவன் யாராயிருந்தாலும் நம் ஆள் என்று அணைத்துக்கொள்வது. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. ஃபூக்கோ தன் சிறை பற்றிய நூலில் சட்டமீறல்களை இரண்டாகப் பிரித்துக்காட்டுகிறார்: உடைமை மீதான மீறல், அதாவது திருட்டு, ஏழைகளுக்கு; உரிமைகள் மீதான மீறல், அதாவது மோசடி, வரி ஏய்ப்பு, விதிகளை வளைத்தல், முதலாளி வர்க்கத்துக்கு. முன்னதற்குச் சாதாரண நீதிமன்றமும் தண்டனையும். பின்னதற்குத் தனி ஏற்பாடுகள், சமரசம், அபராதம். 1346 என்கிற பிரிவு எவ்வளவு கந்தலாக இருந்தாலும், இரண்டாம் வகை மீறலை முதல் வகைக்குரிய கூண்டில் ஏற்றிப் பார்த்த ஒரு முயற்சி. தெளிவின் பெயரால் அது சுருக்கப்பட்டபோது பயன்பெற்றவர் யார்? 2016இல் விலையுயர்ந்த பரிசுகள் வாங்கிய வர்ஜீனியாவின் முன்னாள் கவர்னர் பாப் மெக்டோனல். 2023இல் நியூயார்க் கவர்னரின் உதவியாளராயிருந்த ஜோசப் பெர்கோகோ. இரண்டு தீர்ப்புகளிலும் நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. திருட்டுச் சட்டத்தின் சொற்களை இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

'நேர்மையான சேவை' பங்குதாரருக்கு உரியதா இல்லையா என்று மூன்று நீதிமன்றங்கள் பேசின. வாசகருக்கு அது உரியதா என்ற கேள்வி எங்கும் எழவில்லை; எழவும் முடியாது, வாசகர் அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல. ஆட்குறைப்பில் வெளியேறிய நிருபர்கள், மாறி மாறிக் கைமாறிய சிற்றூர்ப் பத்திரிகைகள், 'போட்டியிட மாட்டேன்' என்ற ஒப்பந்தத்தால் இரண்டாவது பத்திரிகைக்கு வழியில்லாமல் போன ஊர்கள், இவற்றுக்கு ஆவணங்களில் இடம் விலைப்பட்டியலில்தான். பெயரை மாற்றிக்கொண்ட ஹாலிங்கர் இன்டர்நேஷனல், சன்-டைம்ஸ் மீடியா குரூப்பாக 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அப்போது பிளாக் கோல்மன் சிறையில் சக கைதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.