ஊரும் உத்தியோகமும் – 9: வாய்தாவுக்கு எவ்வளவு தூரம்?

சென்ற வாரம் கும்பகோணத்து வக்கீல்களைப் பற்றிப் பேசியபோது, காவிரிப் பாசன நஞ்சையும், மடங்களுக்கும் கோவில்களுக்கும் உரிய சொத்துக்களும், 1854-இல் அங்கே ஏற்பட்ட சர்க்கார் கல்லூரியும் சேர்ந்து ஒரு வக்கீல் வர்க்கத்தையே எப்படி வளர்த்துவிட்டன என்று பார்த்தோம். அந்த நினைவோடு தொப்பூர்க் கணவாய் ஏறித் தர்மபுரிக்கு வருகிறவர், இங்கே வெகுகாலம் வக்கீல்கள் அருகியிருந்ததைக் கேட்டதும், இப்பிரதேசத்து ஜனங்கள் சண்டை சச்சரவு அறியாத சாதுக்கள் போலும் என்று எண்ணிவிடக் கூடும். சாதுக்கள்தாம், ஆனால் காரணம் அதுவன்று.

இந்த ஜில்லாவின் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். புஞ்சை இத்தனை ஏக்கர் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குமேல், கிணற்றில் நாலில் ஒரு பாகம், முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம், மாமூல் வண்டிப்பாதை, வரப்புப் புளியமரத்தில் சரிபாதி என்று பத்திர எழுத்தர் எழுதிக்கொண்டே போயிருப்பார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வியாஜ்யம் உறங்குகிறது. எனினும், வானம் பார்த்த கேழ்வரகும் சாமையும் விளைகிற பூமியில், கால் கிணற்றுக்காகக் கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் பீஸும் கட்டினால் கிணறே அதற்குப் போதாது. ஆகையால் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

தூரமும் ஒரு காரணம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தனி ஜில்லாவாகும் வரையில் தர்மபுரி சேலத்தோடு சேர்ந்திருந்தது. ஜில்லாக் கோர்ட்டும் சேலத்தில்தான். பென்னாகரத்துக் குடியானவர் ஒருவர் விடியுமுன் புறப்பட்டு, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, மத்தியானம் வரை வராந்தாவில் காத்திருந்தபின், “இன்னைக்கு எடுக்கமாட்டாங்க, அடுத்த மாசம் வாங்க” என்று குமாஸ்தா சொல்வதைக் கேட்டுத் திரும்பினால், போனது ஒரு நாள் கூலி மட்டுமா? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிகூட, 1900-இல் தொழில் தொடங்கியது சேலத்திலேதான். நியாயஸ்தலமும் அதிகாரமும் இருக்குமிடத்தில் வக்கீல் இருப்பார். அமெரிக்காவில் ஜனத்தொகை விகிதத்தில் வக்கீல்கள் மிகுந்த இடம் வாஷிங்டன் என்பதும் இதனால்தான்.

சென்னையில் 1891-இலேயே ஏற்பட்ட சட்டக் கல்லூரி, தர்மபுரிக்கு 2017-இல்தான் வாய்த்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே சட்டம் படிக்க இத்தனை காலம் ஆனதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

வக்கீல் இல்லாத இடத்தில் வழக்கே இல்லை என்பவர்களுக்கு, அரூர் தாலுகாவின் வாச்சாத்தியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த வனத்துறை, போலீஸ், ரெவின்யூ சிப்பந்திகள் அந்த மலைவாழ் ஜனங்களின் வீடுகளைச் சூறையாடி, பதினெட்டுப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அவர்களுக்காகச் சங்கத்தாரும் கட்சியினரும் சென்னைக்கும் டில்லிக்கும் அலைந்தார்கள். 2011 செப்டம்பர் 29-இல், தர்மபுரி ஜில்லாக் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி.

(தொடரும்)