பழைய டிராக்டர் வாங்குகிறீர்களா? புகையை மோந்து பாருங்கள்!

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களில் பலர் பெயிண்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எஞ்சினின் உள்நிலையைச் சொல்வது புகையும் அதன் வாடையும்தான்.

எப்போது பார்க்க வேண்டும்? காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால், நீங்க வருமுன்னே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறும்வரை காத்திருங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் எரியாத டீசல் வாடையோடு, கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வரலாம். சில நிமிடங்களில் நின்றுவிட்டால் கவலையில்லை. சூடேறிய பிறகும் வந்தால் நாசில் கோளாறு, பம்ப் டைமிங் தவறியது, கம்ப்ரஷன் குறைந்தது, இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

நீலப் புகை வந்து, எண்ணெய் கருகின வாடை அடித்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வால்வு கைடு தேய்ந்திருந்தால் செலவு ஓரளவோடு போகும். ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தால் எஞ்சினையே பிரிக்கணும், பெரிய செலவு. பிரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் மேல்தான் சந்தேகம். சிலர் கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை மறைப்பதுண்டு. ஆகவே கலப்பை பூட்டி அரை மணி நேரம் உழுது பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

வெள்ளை ஆவி நிற்காமல் வந்து, இனிப்பு வாடையும் அடிக்கிறதா? கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இந்த வாடை வராது. அதனால் ஸ்டார்ட் செய்யுமுன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல வெளுத்திருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் யோசியுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கரும்புகையைக் கண்டு மட்டும் உடனே பயப்பட வேண்டாம். பல சமயம் ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டு, காற்றுப் போதாமல் வருவதுதான் அது. சுத்தம் செய்தால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் நாசிலையும் பம்பையும் மெக்கானிக்கிடம் காட்டி, ஆகும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. வாடையே இல்லாத விஷம் ஒன்றும் இந்தப் புகையில் இருக்கிறது. அதுதான் கார்பன் மோனாக்சைடு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துடுங்க. மோந்து பார்க்கும்போதும் திறந்த வெளியில், சைலன்சருக்குத் தள்ளி நின்றே பாருங்கள். வாடை தானாக வந்து சேரும்.