நிலையைத் தொடாமல் ஜன்னல் மாற்றுவது

சேந்தமங்கலத்தில் ஒன்றரை அடிச் சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடு ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு திடமாகத்தான் நிற்கிறது. ஜன்னல்தான் தொல்லை. பலகை சுருங்கி இடுக்கு விட்டிருக்கிறது, கொண்டி துருப்பிடித்து நிற்காமல் போய்விட்டது, ஐப்பசி மழைக்குச் சாரல் உள்ளே அடிக்கிறது, விளக்கு வைக்கும் நேரமானால் கொசு. நாமக்கல்லில் விசாரித்தால் யுபிவிசி ஜன்னலுக்குச் சதுர அடிக் கணக்குச் சொல்கிறார்கள். பொருத்துகூலி தனி. அதையாவது நாமே செய்துகொள்ள முடியாதா என்று கேட்கிறீர்கள். செய்யலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் பேசுவோம்.

கடைக்காரர் முதலில் ஜன்னலின் அகல உயரத்தைக் கேட்பார். அதற்கு முன்னால் நீங்கள் சுவரைப் பார்க்க வேண்டும். ஜன்னலை ஒட்டி ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஆணியால் கீறுங்கள். செம்மண் பொடியாக உதிர்ந்தால் மண்சாந்து. வெள்ளையாகச் செதில் செதிலாக வந்தால் சுண்ணாம்புக் காரை. வெறும் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்டு. இங்கே பழைய தெருக்களில் பாதி வீடுகள் முதல் இரண்டு வகைதான். புது ஜன்னலை இறுக்க விற்கும் ஆங்கர் போல்ட்டுகள் துளைக்குள் விரிந்து பிடிப்பவை. கான்கிரீட்டிலும் சிமெண்டுச் சுவரிலும் அவை கெட்டியாக நிற்கும். மண்சாந்துச் சுவரில் விரியும்போதே கல்லைத் தள்ளிவிடும். சுத்தியல் டிரில் போட்டால் துளைக்கு முன்னால் விரிசல் வந்து நிற்கும்.

அடுத்து ஜன்னலுக்கு மேலே பாருங்கள். கான்கிரீட் லிண்டல் வராத காலத்தில் கட்டிய வீட்டில் அங்கே குறுக்காக மரக்கட்டை கிடத்தியிருப்பார்கள், அல்லது செங்கல்லை வளைவாக அடுக்கியிருப்பார்கள். வருஷக்கணக்கில் அந்தக் கட்டை கொஞ்சம் தொய்ந்து, சுவர்ப் பாரத்தில் ஒரு பங்கை ஜன்னல் நிலையின் தலையில் இறக்கியிருக்கும். பார்வைக்குத் தெரியாது. நிலையின் மேல்கட்டையின் அடிப்பக்கத்தில் முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் கட்டை கீழே தொங்கி நூலைத் தள்ளினால் பாரம் அதன்மேல் இருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக மேலேறும் விரிசலும், கதவு மேல்பக்கம் மட்டும் உரசுவதும் அதற்குத் துணை அடையாளங்கள். இப்படிப்பட்ட நிலையை முட்டுக் கொடுக்காமல் பிடுங்குவது ஆபத்து. முட்டு நிறுத்தி, நிலையை நடுவில் அறுத்து, துண்டு துண்டாக உள்பக்கம் இழுத்து எடுக்க வேண்டும். அது அனுபவமுள்ள கொத்தனார் வேலை. கூட நின்று கை கொடுங்கள், தனியாக மட்டும் இறங்காதீர்கள்.

ஆனால் நிலையைப் பிடுங்க வேண்டிய அவசியமே பல வீடுகளில் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். மாற்ற வேண்டியது பெரும்பாலும் கதவும் கீலும் கொண்டியும்தான். நிலையின் கீழ் மூலை இரண்டிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திக் குத்துங்கள். முனை ஆழமாக இறங்காமல் நின்றால், தட்டினால் பொத்தல் சத்தம் வராவிட்டால், அந்தத் தேக்கு இன்னும் உங்கள் பேரன் காலம் வரைக்கும் தாங்கும். கீழ்க்கட்டை மட்டும் உளுத்திருந்தால் தச்சர் அதைச் சாய்வாக வெட்டி ஒட்டுப்போட்டுவிடுவார். கரையான் மண் தெரிந்தால் முதலில் கரையானுக்கு மருந்து, பிறகுதான் மரவேலை.

நிலையை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு மரத்தின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமல்ல. பழைய ஜன்னலின் கம்பிகள் நிலைக்குள்ளேயே கோத்தவை. நிலை போனால் கம்பியும் போகும், வீட்டுக்குக் காவல் போகும், தனியாக கிரில் அடித்து அதே பலவீனமான சுவரில் மாட்ட வேண்டியிருக்கும். சரி, நிலையை விட்டுவிட்டு அதற்குள்ளேயே யுபிவிசி சட்டத்தைச் செருகலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். சட்டத்தின் கனம் சுமார் 60 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றடி அகல ஜன்னலில் மிஞ்சுவது 31 அங்குலம். நகர்த்தும் ஜன்னல் பாதிதான் திறக்கும், கதவு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் வேறு. கடைசியில் காற்று வர ஒன்றேகால் அடிதான் கிடைக்கும். மூன்றடியும் திறந்து காற்று வாங்கிய அறை அது.

பழைய நாலு கதவு ஜன்னலைக் கட்டியவர்கள் யோசித்துத்தான் கட்டினார்கள். கீழ்க்கதவு இரண்டைச் சாத்தினால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. மேல்கதவைத் திறந்து வைத்தால் மேலே சேரும் சூட்டுக்காற்று வெளியேறும். இந்த அமைப்பை மாற்றாமல், மேல்கதவில் மட்டும் பலகைக்குப் பதில் கண்ணாடி போட்டால் பகலில் விளக்கு எரிக்க வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு அறுக்க முடியாது, அறுத்தால் பொடிப்பொடியாகிவிடும். அளவு தவறினால் புதுக் கண்ணாடிதான்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். பழைய கீல் திருகுகளின் தலையில் நாற்பது ஐம்பது வருஷப் பெயிண்ட் அடைத்திருக்கும். பிளேடு முனையால் அந்தப் பள்ளத்தை முழுதாகச் சுரண்டி எடுத்து, ஸ்க்ரூ டிரைவரை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். உள்ளே பிடித்த துரு விட்டுவிடும், அதன்பின் சுலபமாகக் கழன்று வரும். பித்தளைக் கீலாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள், இன்று கடையில் கிடைக்கும் கீலைவிட அது உழைக்கும். திருகுத் துளை பெரிதாகியிருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகால் தடவி அடித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டுங்கள். புதுத் திருகை அதில் ஏற்றும்போது, சிறு துளை போட்டு முதலில் இரும்புத் திருகை ஏற்றி இறக்கிவிட்டு, அதே வழியில் சோப்புத் தடவிய பித்தளைத் திருகை ஏற்றுங்கள். நேராகப் பித்தளையை ஏற்றினால் தேக்கில் கழுத்து முறியும்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும் இடத்தில் ஒரு கண்டிப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1ஆம் தேதிதான். அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பெயிண்டை நெருப்பு வைத்து உரிக்காதீர்கள். தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரவே வேண்டாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, கெட்டது திரும்பி வராது.

அளவெடுப்பதில் நிதானம் வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தையும் அப்படியே மூன்று இடத்தில். இருப்பதில் சிறிய அளவுதான் உங்கள் அளவு. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. இரண்டும் சமமாக இருந்தால் நிலை கோணாமல், மூலை சரியாக நிற்கிறது. இரண்டு நூல் வித்தியாசம் என்றால் கதவு ஓரத்தை இழைத்துச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் கடையில் அளவு சொல்லாதீர்கள். பழைய பிளைவுட்டை அந்த இடைவெளிக்கு அப்படியே வெட்டி மாதிரியாக எடுத்துப் போய்க் கொடுங்கள். தச்சருக்கு நூல், யுபிவிசி பட்டறைக்கு மில்லிமீட்டர். எட்டு நூல் ஒரு அங்குலம், ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்த மாற்றுக் கணக்கில்தான் பல ஜன்னல்கள் சுவருக்குள் நுழையாமல் திரும்பிப் போகின்றன.

இடுக்குக்கு ரப்பர் பீடிங், கண்ணாடிக்கு ரப்பர் எல்லாம் தேடி அலைய வேண்டாம். லாரிக்கு பாடி கட்டும் ஊர் நாமக்கல், அந்தப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் விதவிதமாகக் கிடைக்கும். கொசுவலையைக் கம்பிக்கு உள்பக்கம் தனிச் சட்டமாக, கழற்றிக் கழுவும்படி போடுங்கள்.

நிலை உண்மையிலேயே உளுத்துப் போய், கொத்தனாரும் முட்டுக் கொடுத்து எடுத்துவிட்டார் என்றால், அப்போது யுபிவிசி வரட்டும். மண்சாந்துச் சுவரில் ஆங்கருக்குப் பதில் இரும்புப் பட்டை ஹோல்டுபாஸ்டை கல்லுக்கு நடுவே பதித்துச் சட்டத்தைப் பிடிக்கச் செய்யுங்கள். மூலையிலிருந்து அரை அடிக்கு ஒன்று, பிறகு இரண்டடிக்கு மிகாமல் ஒன்று. “அண்ணா, சுத்தியும் சிமெண்டு போட்டுப் பூசிட்டா கெட்டிதானுங்களே?” என்று கூட வேலை செய்யும் பையன் கேட்பான். சிமெண்டு கெட்டிதான், அதனால்தான் வேண்டாம். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர்கள். நடுவில் சிமெண்டு அடைத்தால் ஈரம் பின்னால் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் அந்தப் பூச்சே பாளமாக விழும். சுண்ணாம்புக் காரையையே கொஞ்சம் மணல் கூட்டிப் பூசுங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன சங்ககிரி நமக்குத் தூரமில்லை.

சட்டத்தைச் சுற்றி இரண்டு நூல் இடைவெளி கட்டாயம். பிவிசி வெயிலில் நீளும் பொருள். நாலடி ஜன்னல் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடிக் குறையலாம். இடம் விடாவிட்டால் சட்டம் வளைந்து கதவு சிக்கும். அந்த இடைவெளியில் ஃபோம் அடிப்பார்கள். ஃபோம் நிரப்பத்தான், சட்டத்தைத் தாங்க அல்ல, வெயில் பட்டால் உதிர்ந்தும் போகும். அதனால் வெளி ஓரத்தைச் சிலிகானால் மூட வேண்டும். சிலிகான் வாங்கும்போது வினிகர் வாசனை அடிக்கும் வகையைத் தவிர்த்து, நியூட்ரல் என்று அச்சிட்டதை வாங்குங்கள். அந்தப் புளிப்பு வகை சுண்ணாம்பில் பிடிக்காது, இரும்பையும் அரிக்கும். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அசுத்தமாகத் தெரிகிறது என்று அவற்றைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். ஜன்னல் திண்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

அலுமினியமும் நல்ல பொருள்தான், கனம் குறைந்த சட்டம், இடம் அதிகம் அடைக்காது. நமக்கு அது அந்நியமும் அல்ல. கிழக்கே தெரிகிறதே கொல்லிமலை, அங்கே ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டி மேட்டூர் மால்கோ ஆலைக்குக் கொண்டுபோய் அலுமினியம் செய்தார்கள். வெட்டிய மலைக்குக் காயம் ஆறவில்லை. இருக்கிற தேக்கை இன்னும் முப்பது வருஷம் ஓட்டுவதை நான் வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரட்டைக் கண்ணாடி போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இணங்காதீர்கள். பகல் முழுதும் ஜன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் அதனால் பயனில்லை, எடை மட்டும் இரண்டு பங்கு. மேற்கு ஜன்னலுக்குச் சூடுதான் பிரச்சினை என்றால் அந்தப் பணத்தை ஓர் அகலமான சன்ஷேடுக்கோ, வெளியே கட்டும் மூங்கில் தட்டிக்கோ போடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் வழி, உள்ளே வந்த பிறகு திரைச்சீலை பெரிதாக ஒன்றும் செய்யாது.

வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. மரம் காய்ந்திருக்கும், கதவு இழைத்த அளவு சரியாக வரும், சுண்ணாம்புப் பூச்சு வேகமாகக் காயாதபடி நனைத்துக்கொள்ளவும் முடியும். ஐப்பசிக்கு முன் முடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஆவணியிலேயே அளவெடுத்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஆறு ஜன்னல் இருந்தாலும் ஒரே ஜன்னலைக் கழற்றி, முடித்து, ஒரு மழை பார்த்த பிறகு அடுத்ததில் கை வையுங்கள்.