தேர் அளந்த வீதிகள்

ஓர் ஊரின் அன்றாட வாழ்வு கூடிக் கலக்கும் பொதுவெளியின் அளவைப் பல இடங்களில் திருவிழாவே வகுத்திருக்கிறது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், அமெரிக்கக் கண்டத்துக் குடியேற்ற நகரங்களுக்கென 1573இல் பிறப்பித்த ஆணை, ஊர்ச் சதுக்கத்தின் நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்று விதித்து, குதிரைகள் பங்கேற்கும் விழாக்களுக்கு அதுவே ஏற்றது எனக் காரணமும் கூறியது. மெக்சிகோவின் சிற்றூர்களில் தேவாலயமும் நகர்மன்றமும் சூழ நிற்கும் சதுக்கத்தில், விழா இல்லாத மாலைகளிலும் மக்கள் உலாவுவதும் தின்பண்டம் விற்பதும் காலணிகளுக்கு மெருகேற்றுவதும் நடைபெறுகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தகைய வெளி சதுக்கமாக அமையாமல், ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளாக, அதாவது தேரோடும் தெருக்களாக, நீண்டு கிடக்கிறது. ஆண்டாள் அவதரித்த ஆடிப்பூர நாளில், ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளிய பெருந்தேரை ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுக்க, சக்கரத்தின் போக்கை மாற்றவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுவோர் அதனை ஒட்டியே நகர்கின்றனர். தேரின் அகலத்தோடு இத்தனை பேர் நடமாடவும், மூலைகளில் தேர் திரும்பவும் வேண்டிய இடத்தை வீதி கொடுத்தாக வேண்டும். எஞ்சிய நாள்களில் அந்த இடம் பூ விற்போருக்கும் தேநீர்க்கடைக்கும் திண்ணைப் பேச்சுக்கும் உரியதாகிறது. பாலையும் சர்க்கரையையும் அகன்ற சட்டியில் சுண்டக் காய்ச்சிக் கிளறும் பால்கோவா, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்பதைவிட, இவ்வீதிகளில் நடப்போரை நிற்கவைக்கும் மணம் என்பதே அதற்குப் பொருத்தமான அறிமுகம்.

மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் அடுத்துள்ள இராஜபாளையம் வேறு வகையில் வளர்ந்தது. 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்லும் அதன் பின் பெருகிய நூற்பாலைகளும் ஊரின் நேரத்தை ஆலைமுறைப்படி, அதாவது ஷிப்டுகளாக, பிரித்தன. ராஜு சமூகத்தினரின் கோட்டைகளில், அதாவது பழைய குடியிருப்புப் பகுதிகளில், பெரியவர்கள் கூடிப் பேசும் சாவடிகளும், கூட்டங்கள் நடைபெறும் ஜவகர் மைதானமும் பொதுவெளியாக விளங்கின. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தது இவ்வூரின் பொதுவாழ்வில் தனித்துப் போற்றத்தக்க செயல்.

இரண்டு ஊர்களிலும் இன்று நிறுத்தப்படும் வாகனங்களும் கடைகளின் முன்கூரைகளும் நடப்போரின் இடத்தை விழுங்கிவருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலாவது ஆண்டுக்கொரு முறை தேர் வந்தாக வேண்டும் என்பதால் வழி திறக்கப்படுகிறது. தேர் வராத தெருக்களில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அத்தகைய வழியை நகராட்சிதான் அளந்து, எல்லையிட்டு, காத்துத் தர வேண்டியிருக்கிறது.