இலையைத் திருப்பிப் பாருங்கள்! தர்பூசணி, வெள்ளரியை வாட்டும் இரண்டு ‘சாம்பல்’

மாசி, பங்குனியில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் போனால் சாலையோரம் தர்பூசணி குவிந்து கிடக்கும். மார்கழி, தையில் விதைத்த பயிர் அது. ரகத்தைப் பொறுத்து 65 முதல் 90 நாள்களில் அறுவடை முடிந்துவிடும். சீக்கிரம் பணம் தரும் பயிர்தான். ஆனால், தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள அவகாசம் தராத பயிரும்கூட.

காய் பருக்கும் நேரத்தில் இலை கருகினால் என்ன ஆகும்? பழத்துக்குச் சர்க்கரை இலையிலிருந்துதான் போக வேண்டும். இலை போனால், காய் பெரிதாக இருந்தாலும் வெட்டினால் சப்பென்று இருக்கும். நிழல் கொடுத்த இலை இல்லாததால் வெயில் பட்டுத் தோல் வெந்து வெளுக்கும். அந்தக் காயை வியாபாரி தொடக்கூட மாட்டார். குத்தகை, விதை, சொட்டுநீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் என்று போட்ட பணமெல்லாம் அந்தச் சில நாள்களில் கரைந்துபோகும்.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது மருந்துக்கடை வாசலில்தான். “கொடியில சாம்பல் அடிச்சிருக்கு” என்று விவசாயி சொல்வார். கடைக்காரர் ஏதோ ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என இரண்டு இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர, இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்து பல நேரம் மற்றொன்றை அசைக்காது.

சாம்பல் நோய் இலையின் மேல்பக்கம் வெள்ளை மாவைத் தூவியது போலத் தெரியும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். இலை நனைந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இதற்கு இல்லை. மழையில்லாத நாள்களிலும், காற்றோட்டமில்லாமல் நெருக்கமாகப் படர்ந்த கொடியில் வேகமாகப் பரவும்.

அடிச்சாம்பல் அப்படியல்ல. மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள் மட்டும் தெரியும். வெள்ளரி இலையில் அந்தப் புள்ளிகள் நரம்புகளுக்குள் அடைபட்டு, கோடு போட்டு வெட்டிய கட்டம் போல இருக்கும். பனி உலர்வதற்குள் காலையில் போய் இலையைத் திருப்பினால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சணம் படிந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு போகிறவர்களுக்கு அது சரியாகத் தெரியாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது பூஞ்சையே இல்லை. பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்துச் சொந்தமான நுண்ணுயிர். இலையில் சில மணி நேரம் ஈரம் நின்றாலே போதும், உள்ளே புகுந்துவிடும். மார்கழிப் பனி அதற்கு விருந்து.

இந்த வேறுபாடு தெரியாமல் அடிச்சாம்பலுக்கு கார்பென்டசிம் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த மருந்து சாம்பல் நோய்க்கு உதவும். லிட்டருக்கு அரை கிராம் என்பது பரிந்துரை. அடிச்சாம்பல் உயிரியின் மேல் அது வேலை செய்யாது. அதற்கு மேன்கோசெப் அல்லது குளோரோதலோனில், லிட்டருக்கு 2 கிராம் வீதம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கச் சொல்கிறார்கள். இவை இலையின் மேல் காவல் நிற்கும் மருந்துகள். நோய் உள்ளே போன பிறகு வெளியே காவல் போட்டுப் பயனில்லை. முதல் புள்ளி தெரியும்போதே இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடித்தால்தான் பலன்.

உள்ளே ஊடுருவும் மருந்து இருக்கிறதே என்று மெட்டலாக்சிலையே திரும்பத் திரும்ப அடிப்பதும் ஆபத்துதான். 1979-லேயே இஸ்ரேலில் வெள்ளரியில் அடிச்சாம்பல் அந்த மருந்துக்குப் பழகிப்போய்விட்டது. அதனால்தான் அதை மேன்கோசெப்புடன் கலந்தே விற்கிறார்கள். அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறிக்கொள்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. மற்ற பயிர்களில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவிப் பழகியவர்கள் இங்கேயும் அதைச் செய்துவிடக் கூடாது. பூசணிக் குடும்பத்துக் கொடிகளுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது. நோய்க்கு முன்னால் மருந்தே இலையைக் கருக்கிவிடும்.

தெளிக்கும் நேரமும் முக்கியம். இந்தக் கொடிகளின் பூக்கள் காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடத் தொடங்கிவிடும். தேனீ வந்தால்தான் காய். ஆகவே மாலையில் தெளிப்பதே சரி. லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடியாமல் காயைப் பறிக்கக் கூடாது. வெள்ளரியில் இது கூடுதல் கவனம் கேட்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் காய், தோலோடு கடித்துச் சாப்பிடும் காய் ஆயிற்றே. பக்கத்து வயலில் அறுவடை முடிந்து விட்டுவைத்த பீர்க்கன், பாகல் கொடிகளையும் பிடுங்கிவிட வேண்டும். அடிச்சாம்பல் உயிருள்ள கொடியில்தான் வாழும். அங்கிருந்து காற்றில் வரும்.

தெளிப்பு எதற்கும் அடங்காதது வாடல் நோய். மதியம் துவண்ட கொடி மாலையில் நிமிரும், சில நாள் கழித்து நிமிராது. தண்டின் அடியை நீளவாக்கில் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். பியூசேரியம் என்ற இந்தப் பூஞ்சை மண்ணிலேயே பல வருடம் கிடக்கும். அதே நிலத்தில் மீண்டும் தர்பூசணி போடாமல் இருப்பதும், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும்தான் கைவசம் உள்ள வழிகள். ஜப்பானில் 1920-களிலேயே இதற்கு வேறொரு வழி கண்டார்கள். தர்பூசணியைச் சுரைக்காய், பூசணி வேர்களில் ஒட்டுக்கட்டினார்கள். நம் ஊரில் சுண்டை வேரில் கத்திரியை ஒட்டுவது போலத்தான்.

மாடித் தோட்டத்தில் நாலு வெள்ளரிக் கொடி வைத்திருப்பவர்களுக்கு மருந்துக்கடைப் பக்கமே போக வேண்டியிருக்காது. பிரேசிலில் சீமைச் சுரைக்காய்ச் செடியில் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து ஆராய்ந்து, சாம்பல் நோய் அடங்குவதை 1999-ல் வெளியிட்டார்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, இலை முழுக்க நனையும்படி தெளிக்கலாம். அதுவும் மேல்பக்கம் மாவு படிந்திருந்தால் மட்டும்தான். அடியில் ஊதா படிந்திருந்தால் பால் வீண்.