உங்களுக்குத் தெரியுமா? எச்சில் சோறும் எரிவாயுவும்

சாண எரிவாயு என்றதும் கிராமத்து மாட்டுத் தொழுவம்தான் கண்ணில் நிற்கும். ஆனால் இந்தியாவில் கழிவிலிருந்து எடுக்கும் எரிவாயுவின் தொடக்கக் கதைகளில் ஒன்று பம்பாய் மாட்டுங்காவுக்குச் சொந்தம். அங்கிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே மனிதக் கழிவிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கெரித்தார்கள். பின்னால் எஞ்சினும் ஓடியது.

இன்று அதே வித்தையின் நவீன வடிவம் அந்நகரின் மான்குர்த்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘நிசர்க்ருணா’ முறையில், சமையலறைக் கழிவை அரைத்து, வெந்நீர் கலந்து முதல் தொட்டியில் விடுகிறார்கள். வெந்நீருக்குக் கரண்டுச் செலவில்லை, சூரிய வெப்பமே போதும். அந்தச் சூட்டில் பாக்டீரியாக்கள் மளமளவென்று வேலை செய்யும். அடுத்த தொட்டியில், காற்றுப் படாத இடத்தில், மீத்தேன் பிறக்கிறது. அடுப்புக்கு வாயு, செடிக்கு எரு. அணு உலைக்குப் பேர்போன இடம் பழைய சோற்றுக்கும் வழி கண்டது வேடிக்கைதான்!

இதே ஈரக்கழிவு அருகிலுள்ள தேவ்னார் குப்பைமேட்டுக்குப் போனாலும் மீத்தேன் வரும். அங்கே அது தீக்குத் துணைபோகும். 2016-இல் அந்த மேடு பற்றி எரிந்ததை சுற்றுவட்டாரத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

நிசர்க்ருணா தொட்டியில் இட்லியும் சாம்பாரும் தாராளமாகப் போடலாம். தேங்காய் ஓடு, முட்டை ஓடு, எலும்பு, பிளாஸ்டிக் கூடாது.