ஏரிக்கரையில் இரண்டு நாள்

தாராவியில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துபவர்களுக்கு லீவு என்றால் ஊருக்குப் போவதுதான். இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. பண்டர்தராவுக்குப் போய் வரலாம்.

அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) மாவட்டத்தில், சகியாத்திரி மலைக்காட்டில் இருக்கிறது இந்த ஊர். பிரவரா ஆற்றின் குறுக்கே 1926-ல் கட்டி முடிக்கப்பட்ட வில்சன் அணையால் உண்டானது ஆர்தர் ஏரி. மாநில சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஏரிக்கரையிலேயே உள்ளது. மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரமான கல்சுபாயும் (1,646 மீட்டர்) பக்கத்தில்தான். நாசிக் மார்க்க ரெயிலில் இகத்புரியில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் போகவேண்டும்.

மழைக்கு முன்பு, மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், இங்குள்ள மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக மின்னும். அது துணையை அழைக்கும் விளக்கு. கார் விளக்கும் டார்ச் விளக்கும் பட்டால் அந்த அழைப்பு துணைக்குத் தெரியாது, இனம் பெருகாது. அதைப் பார்க்க வருகிற கூட்டமே அதற்கு எமனாகிறது!

ஆகவே போகிறவர்கள் பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டுக் கரையில் சற்று உட்காருங்கள். நம் சந்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை அந்த இருட்டும் அமைதியும்தானே?